பாட்டு பிரச்னை இல்லை... கூட்டம்தான் பிரச்னை! - சீன இளைஞர்களின் பிளேலிஸ்ட்டில் அரசுக்கு என்ன வேலை?

2025 நவம்பர் 28, ஷாங்காய். ஜப்பானியப் பாடகி மாகி ஓட்சுகி மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார். 'ஒன் பீஸ்' அனிமே ரசிகர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். அதன் முதல் எண்டிங் பாடலைப் பாடியவர். பாட்டு பாதியில் இருக்கும்போதே இசை நிற்கிறது, விளக்குகள் அணைகின்றன. இரண்டு பேர் வந்து அவரை மேடையிலிருந்து அழைத்துச் செல்கிறார்கள். அவ்வளவுதான், நிகழ்ச்சி முடிந்தது!

அடுத்த நாள் அதே ஊரில் ஜப்பானின் பாப் நட்சத்திரம் அயுமி ஹமாசாகியின் கச்சேரி நடக்க வேண்டும். அதுவும் ரத்து. ஆனால், அவர் ஊருக்குக் கிளம்பவில்லை. 14,000 காலி இருக்கைகளைப் பார்த்தபடி, ஒரு பாட்டையும் விடாமல் முழுக் கச்சேரியையும் பாடி முடித்தார்.

அப்படி இவர்கள் என்னதான் செய்தார்கள்? ஒன்றுமே செய்யவில்லை. ஜப்பான் பிரதமர் சனே தகாய்ச்சி, நவம்பர் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் தைவான் பற்றிப் பேசியது சீன அரசுக்குப் பிடிக்கவில்லை. கோபம் பிரதமர் மேல். ஆனால், அடி விழுந்தது பாடகிகள் மேலும், டிக்கெட் வாங்கிவைத்திருந்த சீன இளைஞர்கள் மேலும்!

'இது ரெண்டு நாட்டுச் சண்டை, இதுல மியூசிக் எங்க வந்துச்சு?' என்று தோன்றலாம். ஆனால், சீனாவில் மியூசிக் எப்போதுமே 'இதுல'தான் இருந்திருக்கிறது. ஓர் இளைஞர் என்ன பாட்டு கேட்கிறார், யாருடைய ரசிகராக இருக்கிறார், எப்படி டிரஸ் பண்ணுகிறார், காதில் கம்மல் போடுகிறாரா என்பது வரை கம்யூனிஸ்ட் கட்சி கவனித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஏன் இவ்வளவு அக்கறை? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு

1966 முதல் 1976 வரையிலான கலாசாரப் புரட்சிக் காலம். பாட்டு என்பது நீங்கள் தேர்ந்தெடுத்துக் கேட்பது அல்ல, தெருமுனை ஒலிபெருக்கி உங்களுக்குத் தருவது. 'எட்டு மாதிரிப் படைப்புகள்' என்று அரசு அங்கீகரித்த புரட்சி நாடகங்களும் நாட்டிய நாடகங்களும்தான் திரும்பத் திரும்ப ஒலித்தன. 1920-30களில் ஷாங்காயில் சீன பாப் இசைக்கு அஸ்திவாரம் போட்ட லி ஜின்ஹுயியின் பாட்டுகளுக்கு 'மஞ்சள் இசை' என்று முத்திரை. நாம் ஆபாசப் பத்திரிகையை 'மஞ்சள் பத்திரிகை' என்போமே, கிட்டத்தட்ட அதே அர்த்தம். அவர் 1967-ல், அந்தக் கொந்தளிப்புக்கு நடுவிலேயே இறந்துபோனார்.

அந்தக் காலப் பாட்டுகளில் 'நாம்' உண்டு. மக்கள், வர்க்கம், தேசம் எல்லாம் உண்டு. 'நான்' மட்டும் கிடையாது. இந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் அதைச் சுற்றித்தான்.

கிசுகிசுத்த குரல்

மாவோ இறந்த பிறகு, 1978-லிருந்து டெங் ஷியோபிங் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தார். திறந்த கதவு வழியாக கேசட்டுகளும் வந்தன. ஹாங்காங் வழியாக, தெற்கே குவாங்டாங் மாகாணம் வழியாகக் கடத்தி வரப்பட்ட கேசட்டுகளில் இருந்தது தைவான் பாடகி டெரெசா டெங்கின் குரல். புரட்சிப் பாடல்கள் உச்சக்குரலில் முழங்கும். இவரோ பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுவதுபோலப் பாடினார். காதல், பிரிவு, நிலா... அவ்வளவுதான் விஷயம். கட்சியையும் தொடவில்லை, அரசையும் தொடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தைவான் அரசு இதே குரலைப் பிரசாரத்துக்கும் பயன்படுத்தியது. சீனக் கரைக்கு எதிரே இருக்கும் கின்மென் தீவில் 48 ஒலிபெருக்கிகள் பதித்த ஒரு பெரிய சுவரே உண்டு. அந்தத் தீவிலிருந்து கடல் தாண்டி டெரெசா டெங்கின் பாட்டு ஒலித்தது. 'பகலில் பெரிய டெங் சொல்வதைக் கேள், ராத்திரியில் சின்ன டெங் பாடுவதைக் கேள்' என்று சீனாவில் ஒரு பேச்சே உண்டு. தலைவருக்கும் பாடகிக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் வந்த கிண்டல்!

அதிகாரிகள் சிரிக்கவில்லை. 1982-ல் 'மஞ்சள் பாடல்களை அடையாளம் காண்பது எப்படி?' என்று ஒரு கையேட்டையே அரசுப் பதிப்பகம் வெளியிட்டது. வார்த்தைகளில் குற்றம் கிடைக்காதபோது, மூச்சுக்காற்று கேட்கப் பாடுவதே குற்றமானது. லி குயி என்ற சீனப் பாடகி அப்படி ஒரு பாட்டைப் பாடியதற்காக வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் 1983-ல் அரசுத் தொலைக்காட்சியின் முதல் வசந்த விழா நேரலையில், நேயர்கள் போன் போட்டுப் போட்டு அதே பாட்டைத்தான் கேட்டார்கள். வேறு வழியில்லாமல், மேலிடத்தின் அனுமதியோடு அவர் பாடினார். கோடிக்கணக்கான வீடுகளில் கேட்டது.

'நான்' என்று ஒருவர் பாடினார்

1986 மே 9, பெய்ஜிங். சர்வதேச அமைதி ஆண்டுக்கான கச்சேரி. நூறு பாடகர்கள் பாடிய அந்த நிகழ்ச்சியில், சிம்பொனி குழுவில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்த ட்சுய் ஜியன் என்ற 24 வயது இளைஞர் மேடையேறினார். பழைய சட்டை, ஒரு காலில் மட்டும் மடித்துவிட்ட பேன்ட். பாடிய பாட்டு, 'என்னிடம் ஒன்றுமில்லை'.

மேலோட்டமாக அது காதல் பாட்டு. கையில் எதுவும் இல்லாத ஒருவன், தன்னோடு வந்துவிடும்படி ஒரு பெண்ணிடம் கேட்கிறான். ஆனால், 'நம்மிடம் எல்லாம் இருக்கிறது' என்று சொல்லியே வளர்க்கப்பட்ட தலைமுறை, 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று ஒருவர் கரகரத்த குரலில் கத்துவதைக் கேட்டபோது அதற்கு வேறு அர்த்தம் கிடைத்தது. 'நாம்' உடைந்து 'நான்' வெளியே வந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து, 1989-ல், தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் திரண்டபோது அவர்கள் பாடிய பாட்டுகளில் இதுவும் ஒன்று. ட்சுய் ஜியனே சதுக்கத்துக்கு வந்து பாடினார். ஜூன் 4-க்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

இங்கேதான் கதை நாம் எதிர்பார்க்கிறபடி போகவில்லை. அரசு அவரைச் சிறையில் தள்ளவில்லை. 1990-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நிதி திரட்ட நாடு முழுக்கக் கச்சேரி செய்ய அனுமதித்தது. கண்களைச் சிவப்புத் துணியால் கட்டிக்கொண்டு அவர் பாட, கூட்டம் கொந்தளிக்க, பயணம் பாதியில் நிறுத்தப்பட்டது. பிறகு 2005 வரை பெய்ஜிங்கின் பெரிய அரங்குகளில் பாட அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆல்பம் வெளியிடலாம், சின்ன பார்களில் வாசிக்கலாம். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம் மட்டும் இல்லை!

இதை நன்றாகக் கவனியுங்கள். பாட்டை விட்டுவிட்டார்கள், கூட்டத்தைத்தான் தடுத்தார்கள்.

குப்பையில் வந்த ராக்

90-களில் இன்னொரு சுவாரஸ்யம். மேற்கத்திய ரெக்கார்டு கம்பெனிகள், விற்காமல் தேங்கிய கேசட்டுகளையும் சி.டி-க்களையும் ஓரத்தில் வெட்டிவிட்டு, பிளாஸ்டிக் கழிவாக சீனாவுக்குக் கப்பலேற்றின. உருக்கி மறுசுழற்சி செய்ய வேண்டிய சரக்கு. ஆனால், துறைமுகங்களிலிருந்தே அது ரகசியமாகக் கைமாறியது. சி.டி உள்வட்டத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும் என்பதால், ஓரத்தில் வெட்டுப்பட்டாலும் கடைசி ஒன்றிரண்டு பாட்டுகள்தான் போகும். அறுந்த டேப்பை ஒட்டிவிட்டால் கேசட்டும் பாடும்.

இதற்கு 'டாகோ' என்று பெயர். வெட்டுப்பட்டது என்று அர்த்தம். பெய்ஜிங்கின் பல்கலைக்கழகப் பகுதிகளில் தெருவோரக் கடைகளில் டாகோ சரக்கைக் குடைந்து எடுத்துத்தான் நிர்வாணாவையும் பங்க் இசையையும் ஒரு தலைமுறை கண்டுபிடித்தது. தங்களையே 'டாகோ தலைமுறை' என்று அழைத்துக்கொண்டார்கள். எந்தக் கட்சியும் கொடுக்காத, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஓர் அடையாளம், குப்பையாக வந்து இறங்கியது!

தடை போய், தத்தெடுப்பு

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். பழைய ஸ்டைல் தடை இன்னும் இருக்கிறது. 2015-ல் 120 பாட்டுகளை இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது கலாசார அமைச்சகம். 2019-ல் நான்ஜிங் நகரின் பாடகர் லி ஜியின் கச்சேரிகள் திடீரென ரத்தாகின. அவர் பாட்டுகள் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து சத்தமில்லாமல் காணாமல்போயின. 2021 அக்டோபரிலிருந்து கரோக்கே கடைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. தேச ஒற்றுமைக்கு ஆபத்தான பாட்டுகள் இருக்கக் கூடாது. 2016-க்குப் பிறகு தென்கொரிய கே-பாப் குழுக்கள் சீனாவில் பெரிய கச்சேரி நடத்துவது கிட்டத்தட்ட நின்றே போனது. அப்படி ஒரு தடை இருப்பதாக அரசு ஒப்புக்கொண்டதுகூட இல்லை.

ஆனால், இப்போது இதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு வழி இருக்கிறது. தடுக்க முடியாததைத் தத்தெடுத்துக்கொள்வது!

2017-ல் ஐச்சீயி தளத்தின் ராப் ரியாலிட்டி ஷோ சீனாவையே கலக்கியது. பி.ஜி. ஒன், கய் என்ற இரண்டு ராப்பர்கள் வெற்றியைப் பகிர்ந்துகொண்டார்கள். சில மாதங்களில் பி.ஜி. ஒன்னின் பழைய பாட்டில் போதைப்பொருளும் பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் இருப்பதாகப் புயல் கிளம்பியது. 2018 ஜனவரியில், பச்சை குத்தியவர்கள், ஹிப்-ஹாப்காரர்கள் டி.வி-யில் வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு வந்ததாகச் சீன ஊடகங்களே எழுதின. பி.ஜி. ஒன்னின் பாட்டுகள் மறைந்தன. 'ஷோ அவ்வளவுதான்' என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், அதே வருடம் சீன மொழிப் பெயரில் 'ஹிப்-ஹாப்' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு, 'சீனாவின் புதிய ராப்' என்று அது திரும்பி வந்தது. கய், சீனப் பெருஞ்சுவரின் பெருமையைப் பாடி மேலே வந்தார். 2021-ல் கட்சியின் நூற்றாண்டுக்கு 100 ராப்பர்கள் சேர்ந்து கால் மணி நேர வாழ்த்துப் பாட்டே போட்டார்கள். இணையத்தில் அதற்குக் கிடைத்தது என்னவோ கிண்டல்தான்!

இதில் உச்சம், ஷிஜியாஜுவாங் கதை. அது பெய்ஜிங்குக்குப் பக்கத்து மாகாணத்தின் தலைநகரம். அரசு மருந்து ஆலைகளும் நெசவாலைகளும் நிறைந்த ஊர். 90-களின் இறுதியில் சீனா முழுக்க அரசு ஆலைகளில் கோடிக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அந்த ஊரைச் சேர்ந்த ஆம்னிபொட்டன்ட் யூத் சொசைட்டி என்ற ராக் குழு 2010-ல் வெளியிட்ட பாட்டு, 'அந்த ஷிஜியாஜுவாங்காரனைக் கொல்'. ஒழுங்காக வேலைக்குப் போய் வந்த ஒரு குடும்பத்தின் வாழ்க்கை மெள்ள மெள்ள இடிந்து விழுவதுதான் பாட்டு. ஒரு தலைமுறையின் கீதமானது.

2023 கோடையில் ஷிஜியாஜுவாங் நிர்வாகத்துக்கு ஒரு ஐடியா. 'நம்ம ஊரை ராக் இசை நகரமா பிராண்ட் பண்ணலாமே!' தெருக்களில், மால்களில் கச்சேரிகள். கூடவே கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கத்தின் மாகாணக் கிளையும் ஒரு மொபைல் கேமும் சேர்ந்து அந்தப் பாட்டையே மாற்றி எழுதி வெளியிட்டன. புதிய தலைப்பு, 'கொல்ல முடியாத ஷிஜியாஜுவாங்'. சோகமெல்லாம் துடைத்தெடுக்கப்பட்டு, நம்பிக்கை வழிந்தது. அதே ஜூன் மாதம் சீன நகரங்களில் 16-24 வயதினரிடையே வேலையின்மை 21.3 சதவிகிதம். ஆகஸ்ட்டில் அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே அரசு கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞருக்கு, வேலை போனவனின் பாட்டை மாற்றி ஊர்ப் பெருமை பாடிக் காட்டினால் என்ன தோன்றும்? இணையத்தில் கழுவி ஊற்றினார்கள்.

தடை செய்தால், கேட்பவருக்கு அந்தப் பாட்டு ரகசியமாகவாவது மிஞ்சும். தத்தெடுத்தால், அதன் அர்த்தமே கைவிட்டுப் போய்விடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பால் பாட்டில்களும் ரசிகர் படையும்

சரி, அரசியல் பேசும் ராக்கர்கள், ராப்பர்கள் மேல் கண் இருப்பது புரிகிறது. காதல் பாட்டுக்கு டான்ஸ் ஆடும் பாய் பேண்டுகள் மேல் ஏன் பாய்ந்தார்கள்?

2021 மே மாதம் ஒரு ஐடல் போட்டி. ஸ்பான்சர் கம்பெனியின் பால் பான பாட்டில் மூடிக்குள் இருக்கும் க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தால் உங்கள் நாயகனுக்கு ஓட்டு. ரசிகர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். கோடு கிடைத்ததும் பாலைச் சாக்கடையில் கொட்டும் வீடியோ வெளியானது. நாடே கொதித்தது. இறுதிச் சுற்று நிறுத்தப்பட்டது.

ஆகஸ்ட்டில் நட்சத்திரங்களின் பாப்புலாரிட்டி தரவரிசைகளுக்குத் தடை. செப்டம்பரில் ஐடல் போட்டிகளுக்கே தடை. அதோடு, 'பெண்மைத்தனமான' ஆண்களுக்குத் திரையில் இடமில்லை என்று ஒளிபரப்பு ஆணையத்தின் உத்தரவு. உத்தரவில் பயன்படுத்தியது, ஆண்களை நக்கலடிக்கும் ஒரு வசவு வார்த்தை! (2019-லேயே ஆண் நட்சத்திரங்களின் கம்மலை 'பிளர்' செய்து காட்டத் தொடங்கியிருந்தார்கள்.) அதே செப்டம்பரில் 21 கே-பாப் ரசிகர் கணக்குகளை வெய்போ முடக்கியது. பி.டி.எஸ் ஜிமினின் பிறந்தநாளுக்கு ஒரு விமானத்தையே அவர் படத்தால் அலங்கரிக்கப் பணம் திரட்டிய ரசிகர் மன்றம்தான் முதலில் மாட்டியது.

அப்பாவி டீன்ஏஜ் பிள்ளைகள் பணத்தை வீணடிப்பதைத் தடுத்தார்கள் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. கம்பெனிகள் ரசிகர்களைக் கறந்தது நிஜம். ஆனால், அது முழு உண்மை இல்லை. பால் வீணானதற்கும் ஒரு பையன் கம்மல் போடுவதற்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ரசிகர் மன்றத்திடம் என்னவெல்லாம் இருக்கிறது? நாடு முழுக்க உறுப்பினர்கள், பொறுப்பாளர்கள், நிதி, மணிக்கணக்கில் ஒரு ஹேஷ்டேக்கை டிரெண்டிங்கில் வைக்கும் ஒழுங்கு, ஒரு மெசேஜில் லட்சம் பேரைத் திரட்டும் திறன். சீனாவில் இத்தனையும் வைத்திருக்க உரிமையுள்ள அமைப்பு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றின் இளைஞர் பிரிவில் சேர்வதைவிட அதிக ஆர்வத்தோடு பிள்ளைகள் இதில் சேர்ந்தார்கள். பயம் அங்கேதான். 1990-ல் ட்சுய் ஜியனின் கூட்டத்தைப் பார்த்துப் பயந்ததும், 2021-ல் பதினாறு வயதுப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப் மாதிரியான ஒன்றைப் பார்த்துப் பயந்ததும் ஒரே பயம்தான்.

கட்சி கற்றுக்கொடுத்த பாட்டே...

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. 2022 நவம்பரில், உரும்ச்சி நகரில் அடுக்குமாடித் தீ விபத்தில் பத்துப் பேர் இறந்தார்கள். கோவிட் கட்டுப்பாடுகளால்தான் மீட்பு தாமதமானது என்று மக்கள் கோபப்பட்டார்கள். பல நகரங்களில் இளைஞர்கள் வெற்று ஏ4 தாளைத் தூக்கிப் பிடித்தபடி தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பாடியது ராக்கும் இல்லை, ராப்பும் இல்லை. தேசிய கீதத்தையும், உலகக் கம்யூனிஸ்ட்டுகளின் 'சர்வதேச கீத'த்தையும் பாடினார்கள்! பள்ளிக்கூடத்தில் கட்சியே சொல்லிக்கொடுத்த பாட்டுகள். அடிமையாக இருக்க மறுப்பவர்களை எழுந்திருக்கச் சொல்லும் பாட்டுகள். பாடியவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

எந்தப் பாட்டையும் தணிக்கை செய்யலாம், யார் எங்கே எப்போது பாடுகிறார்கள் என்பதிலிருந்து பிறக்கும் அர்த்தத்தைத் தணிக்கை செய்வது கஷ்டம். 2022 ஏப்ரல் 15-ம் தேதி, ஷாங்காய் முழுக்க ஊரடங்கில் கிடந்தபோது, அறுபது வயதான ட்சுய் ஜியன் வீசாட்டில் ஆன்லைன் கச்சேரி நடத்தினார். 4.5 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஸ்பான்சர் ஒரு கார் கம்பெனி. வியாபாரம்தான், அனுமதியோடு நடந்ததுதான். ஆனாலும், பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து 'என்னிடம் ஒன்றுமில்லை' கேட்ட ஒருவருக்கு 1986-ம் ஆண்டா ஞாபகம் வந்திருக்கும்?

இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்?

'எல்லாச் சீன இளைஞர்களும் உள்ளுக்குள் புரட்சியாளர்கள்' என்று நினைத்தால் அது நம் கற்பனை. தேசபக்தி ராப்பை மனதாரக் கேட்பவர்கள் உண்டு. 2016-லேயே செங்டு நகரின் ஒரு ராப் குழு, இளைஞர் சங்கத்தின் ஆதரவோடு வெளிநாட்டு ஊடகங்களுக்குப் பதில் சொல்லிப் பாடியது. ஜப்பானியக் கச்சேரிகள் ரத்தானதைச் சரி என்றவர்களும் இருப்பார்கள். பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். கிடைக்கும் இடைவெளியில் தங்கள் முகத்தைத் தேடுகிறார்கள்.

அந்த இடைவெளிக்கு ஓர் அழகான உதாரணம், வு டியாவ் ரென் குழு. 2020-ல் பெரிய பேண்ட் போட்டி ஒன்றில், கடைசி நிமிடத்தில் பாட்டை மாற்றி, தங்கள் சிற்றூரின் பேச்சுமொழியில் பாடினார்கள். பாதிப் பேருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைத்து வந்தார்கள், ஒருமுறை அல்ல. பள்ளியிலும் டி.வி-யிலும் ஒரே தரப்படுத்திய மாண்டரின் பேச வேண்டிய நாட்டில், 'எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம்' என்று பாடுவதில் எந்தச் சட்டமீறலும் இல்லை. ஆனால், அதிலும் ஒரு 'நான்' இருக்கிறது.

2025-ல் ரீல்ஸில் ஸ்க்ரோல் செய்தவர்களுக்கு, ஸ்காய் இஸ்யுவர்காட் என்ற சீன ராப்பரின் பாட்டு ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும். பணம், ராசி, தொழில் செழிப்பு என்று ஜாலியாகப் போகும். சீனாவிலிருந்து உலகம் முழுக்கச் சுற்றிய பாட்டு. யாரும் தடுக்கவில்லை, தடுக்கக் காரணமும் இல்லை. காசு சம்பாதிக்கும் 'நான்' மேல் கட்சிக்கு எந்த வருத்தமும் இல்லை. கூட்டம் சேர்க்கும் 'நான்', வருத்தப்படும் 'நான்', கம்மல் போடும் 'நான்' - இவர்களோடுதான் பிரச்னை.

ஷாங்காயில் விளக்கை அணைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் ஜப்பானுக்காக வந்தவர்கள் இல்லை. சின்ன வயதில் பார்த்த ஒரு கார்ட்டூனின் பாட்டை, அதே ஞாபகம் இருக்கும் மற்றவர்களோடு சேர்ந்து கேட்க வந்தவர்கள். பாட்டை அவர்கள் வீட்டுக்குப் போய் ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம். அந்த 'சேர்ந்து' மட்டும்தான் கிடைக்காது.